மகளின் கையில் இருந்த வாடை

ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள் வீட்டில் பூச்சிமருந்து வாடை எப்போதும் இருக்கும். என் வீட்டுக்காரர் மருந்தடிக்கிறவர். நான் காய் எடுக்கிறவள். இருட்டோடு போடியில் ஜீப்பு ஏறினால் பொழுது சாயத்தான் மலையை விட்டு இறங்குவோம். அதனால் ஏழாவது படிக்கும் என் மகள், "நாறுதுன்னு பக்கத்துல யாரும் உக்கார மாட்டேங்குறாளுகம்மா" என்றபோது மருந்து வாடை என்றே நினைத்தேன். அவள் யூனிபார்மைத் தனியாகத் துவைத்தேன். வீட்டுக்காரர் சட்டையை வெளியே தொங்கவிட்டேன். வாடை போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் விரல்களைப் பார்த்தேன். தோல் வெளுத்து உரிந்திருந்தது. அவள் மருந்தைத் தொட்டதே இல்லை.

"பிளீச்சிங் பவுடரும்மா. பள்ளிக்கூடத்துக் கக்கூஸ நாங்கதான் கழுவுறோம்."

நாங்கள் என்றால் எங்கள் தெருப் பிள்ளைகள் மட்டும். இவர்களைக் கழுவவும் விட்டு, நாறுதென்று மூக்கையும் பொத்தியிருக்கிறார்கள்.

"இனிமே போகலம்மா. ஒங்கூடக் காயெடுக்க வர்றேன்" என்றாள்.

மறுநாள் நான் ஜீப்பில் ஏறவில்லை.

"வெரசா ஏறு ஆத்தா" என்றார் டிரைவர்.

"நீங்க போங்கண்ணே. பள்ளிக்கூடத்துல சோலி கெடக்கு."

மகளை இழுத்துக்கொண்டு போனேன். அவளை வகுப்புக்கு அனுப்பிவிட்டு, எங்கள் பிள்ளைகளை மட்டும் ஏன் கழுவ விடுகிறீர்கள் என்று தலைமையாசிரியையிடம் கேட்டேன். அவர் உட்காரச் சொல்லவில்லை.

"சின்ன வேலைதானேம்மா. உங்க தெருப் புள்ளைகளுக்குப் பழக்கந்தானே?"

"நாங்க ஏலக்கா எடுக்குறவுக டீச்சர். பழகணும்னா ஒங்க மகளையும் அனுப்புங்க. சேந்து பழகட்டும்."

"வாய் ரொம்ப நீளுது."

"எம்மகளுக்கு நீளல. அதான் நான் வந்தேன்."

கக்கூஸ் வாசலில் போய் உட்கார்ந்தேன். எந்தப் பிள்ளை வாளியோடு வந்தாலும் போனில் படம் எடுத்துக் கலெக்டருக்கு அனுப்புவேன் என்று சத்தமாகச் சொன்னேன். இடைவேளை மணி அடித்தது. வாளியோடு யாரும் வரவில்லை. மத்தியானம் வெளியிலிருந்து ஓர் ஆளைக் கூட்டி வந்தார்கள். அவரும் எங்கள் தெருக்காரர்தான். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார். நான் எழுந்து வீட்டுக்கு வந்தேன். அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை.

ஒரு வாரம் கழித்து மகளைக் கேட்டேன்.

"கழுவச் சொன்னாகளா?"

"இல்ல."

"பக்கத்துல உக்காந்தாளுகளா?"

"இல்ல."

சோறு போட்டேன். சாப்பிட்டாள்.

"நாளைக்குப் போவியா?"

"போவேன். பரீட்சை இருக்கு."