தனலட்சுமி அக்கா சொல்லாத பாஸ்வேர்டு

தனலட்சுமி அக்கா இன்று காலை போய்விட்டார். மாரடைப்பு. அவர் மகள் போனில் சொன்னபோது காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்... எல்லாம் அப்படியே கிடக்கிறது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். பட்டா, சிட்டா எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிக்கொண்டிருந்த நேரம். விருத்தாசலத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் அக்கா உதவியாளர், நான் தற்காலிக டைப்பிஸ்ட்.

மொத்த ஆபீசுக்கும் ஒரே பாஸ்வேர்டு. அதையும் மானிட்டர் மேலேயே ஒட்டி வைத்திருந்தார்கள்! அக்கா வந்த வாரமே அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டார். ஆளுக்கொரு லாகின் கேட்டு வாங்கினார்.

“இன்னாம்மா, இது பேங்க் லாக்கரா?” என்று ஒரே கிண்டல். அக்காவும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் டீ குடிக்க எழுந்தால்கூட லாக் பண்ணாமல் எழமாட்டார்.

டீ என்றதும் அந்தக் கப்புகள்... சூளையில் கோணிப்போனதை பீங்கான் கம்பெனியில் சல்லிசாக வாங்கி வருவார். “கோணலா இருந்தாதான் யாரும் தூக்கிட்டுப் போவ மாட்டாங்க” என்பார்.

ஒரு நாள் மதியம் மேலதிகாரி ஒருவர் வந்தார். கூடவே ஒரு வெள்ளை வேட்டிக்காரர். பெண்ணாடம் பக்கம் கரும்பு நிலம், அவர் பேரிலும் தங்கை பேரிலும் கூட்டுப் பட்டா. தங்கை பேரை எடுக்க வேண்டுமாம்.

“ஆர்டர் அப்புறம் வரும். நீங்க இப்ப மாத்திடுங்க” என்றார் அதிகாரி.

“ஆர்டர் வரட்டும் சார், உடனே போட்டுடறேன்.”

“அப்ப எழுந்திரிங்க. பாஸ்வேர்டை இந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க, அது போடும்.” என்னைத்தான் காட்டினார்.

அக்கா எழுந்து நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். “சேரு ஆபீசுது சார், யாரு வேணா உக்காரலாம். பாஸ்வேர்டு சொன்னா என் கையெழுத்த இன்னொருத்தவங்க போட்ட மாதிரி ஆயிடும். அது முடியாதுங்க.”

குரல் உயரவே இல்லை.

அடுத்த வாரம் அவரைத் தபால் பிரிவுக்கு மாற்றினார்கள். ஜன்னல்கூட இல்லாத அறை. ஆர்டர் கடைசிவரை வரவில்லை. அக்கா இடத்துக்கு வந்தவரோ, “அந்தம்மா போடாதத நான் எப்படிங்க போடறது?” என்று ஒதுங்கிக்கொண்டார்.

ரொம்ப நாள் கழித்து அந்தத் தங்கையே ஒரு மனுவோடு வந்தார். மகன் படிப்புக்கு லோன் வாங்க சிட்டா நகல் வேண்டும். கம்ப்யூட்டரில் அவர் பேர் அப்படியே இருந்தது.

தபால் பிரிவில் மனுவை வாங்கி சீல் போட்டது அக்காதான். அன்று நடந்ததைச் சொல்ல நான் வாயைத் திறக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார்.

“வெயிலா இருக்குது, செத்த உக்காந்துட்டுப் போங்கம்மா.” அவ்வளவுதான் அந்த அம்மாவிடம் பேசியது.

அவர் போனதும் கேட்டேன், “ஏங்க்கா சொல்லல?”

“சொன்னா அண்ணன் வூட்டுக்குப் போறத நிறுத்திடுவாங்க. நெலந்தான் இருக்குதுல்ல... வுடு.”

அக்கா, சிதம்பரத்தில் விருத்தாசலம் பஸ் ஏறிவிட்டேன். சேத்தியாத்தோப்பு தாண்டியாச்சு...

வந்துகிட்டே இருக்கேங்க்கா.