தங்கவயலுக்குப் போன வேன்

இராஜபாளையத்தில் ஒரு முதலாளியிடம் தேவநேசன் சுற்றுலா வேன் ஓட்டத் தொடங்கி இருபது வருடத்துக்கு மேலாகிறது. அவர் வண்டி போகாத ஊர் குறைவு. அவர் பார்த்த ஊர் அதைவிடக் குறைவு. கொடைக்கானலில் அவருக்குத் தெரிந்தது வண்டி நிறுத்தும் இடம், வேளாங்கண்ணியிலும் அதுவேதான். ஆட்களை இறக்கிவிட்டதும் பின்சீட்டில் துண்டை விரித்துச் சாய்ந்துவிடுவார். அவர்கள் வந்து கதவைத் தட்டினால் எழுந்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு அடுத்த ஊருக்கு வண்டியை எடுப்பார்.

போன டிசம்பரில் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன் ஜெபின் கோலார் தங்கவயலுக்கு வேன் கேட்டான். அவனுடைய அம்மா கேத்ரின் பிறந்த ஊர் அது. வெள்ளைக்காரன் காலத்துச் சுரங்கத்தில் அவருடைய அப்பா வேலை பார்த்தவர். கல்யாணமாகி இங்கே வந்த கேத்ரின், பெற்றோர் இறந்தபின் அந்தப் பக்கம் போகவே இல்லை. சுரங்கத்தையும் மூடிவிட்டார்கள். பாட்டி பிறந்த ஊரைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று ஜெபினுக்கு ஆசை.

"ஒரு சீட் காலியாத்தான் இருக்கு அண்ணே. அக்காவையும் கூட்டிட்டு வாங்க, அம்மாவுக்குப் பேச்சுத்துணையா இருக்கும்" என்றான்.

அப்படித்தான் அன்னத்தாய் முதல்முறையாகக் கணவனின் வண்டியில் ஊர் பார்க்கக் கிளம்பினாள். நூற்பாலையில் லீவு சொல்லிவிட்டு, புதுச்சேலை கட்டி, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். தேவநேசன் அன்று காலையில்தான் ஐயப்ப பக்தர்களைக் கொண்டுபோய்விட்டுத் திரும்பியிருந்தார். சீசன் நேரம், இதுவும் ராத்திரி ஓட்டம், உடம்பு கெஞ்சியது. சேலம் தாண்டியதிலிருந்து அவர் இமை இறங்கும்போதெல்லாம் அன்னத்தாய் மில் கதை, அண்டை வீட்டுக் கதை என்று எதையாவது பேசி இழுத்துப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஊர் பார்க்க வந்தவள் வழியெல்லாம் அவர் முகத்தைத்தான் பார்த்தாள்.

விடிந்த பிறகு தங்கவயலுக்குள் நுழைந்தார்கள். நல்ல குளிர். ஓடு சரிந்த துரை பங்களாக்கள், முள் மண்டிய காம்பவுண்டுகள், பள்ளத்தில் ஒட்டி ஒட்டி நின்ற தொழிலாளர் லைன் வீடுகள். அவற்றுக்குப் பின்னால் சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய கழிவுமண், சாம்பல் நிறத்தில் குன்று குன்றாக, மழை அரித்த கோடுகளோடு கிடந்தது. துருவேறிய இரும்புக் கோபுரம் ஒன்று தெரிந்ததும் பிள்ளைகள் கத்திக்கொண்டு இறங்கி ஓடினார்கள். ஜெபின் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கப் போனான்.

தேவநேசன் துண்டை விரித்துக் கண்ணை மூடியிருப்பார், அன்னத்தாய் காலைத் தட்டினாள்.

"என்னங்க, அந்தம்மா இறங்க மாட்டேங்காவ."

கேத்ரின் ஜன்னல் ஓரத்தில் பையை மடியில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"கால் வலிக்கா அம்மா? நாங்க பிடிச்சுக்கிடுதோம்" என்றார் தேவநேசன்.

"வலியெல்லாம் இல்ல தம்பி. என்னத்தப் பாக்க? எங்க லைனே இல்ல. வேலிக்காத்தான் மொளச்சு நிக்கி. இத்தன தூரம் வந்தது ஒரே அசதியா இருக்கு." மடியிலிருந்த பையை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார். "நீங்க படுங்க. எங்க அப்பாவும் இப்படித்தான். நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து பகல்ல படுப்பாவ. நாங்க மூச்சு விடக்கூடாது. தட்டு விழுந்தா அம்மா தொடையில கிள்ளிருவா. அப்பான்னா எங்களுக்குப் போர்வைதான் ஞாபகம் வரும். மொகம் சரியா ஞாபகத்துக்கு வரமாட்டேங்கு."

தேவநேசனுக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்து மனைவியைப் பார்த்தார்.

"நம்ம வின்சியும் அப்படித்தான் இருந்தாளோ?"

மகள் வின்சியைக் கான்சாபுரத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அன்னத்தாய் துண்டை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"கிறிஸ்துமஸ் அன்னைக்குக்கூட நீங்க படுத்திருந்தா ரேடியோ போட விடமாட்டேன். புள்ளையோ, அவ பாட்டுக்கு வெளிய போயி உக்காந்துக்கிடுவா. இப்ப எதுக்கு அதெல்லாம்? எந்திரிங்க, வந்தது வந்தாச்சு, இவியளுக்கு வேற எதையாவது காட்டுவோம்."

கேத்ரினிடம் கேட்டபோது, "பேத்தமங்கலம் ஏரி இருக்கும். வருசத்துல ஒருநா அப்பா கூட்டிட்டுப் போவாவ" என்றார். ஜெபினைக் கூப்பிட்டு ஏரிக்கு வண்டியை விட்டார்கள். தண்ணீர் நிறைந்து கிடந்தது. தூரத்தில் கொக்குகள் கரையோரம் நின்றன, எதிர்ப்பக்கம் பாறைக்குன்றுகள். கேத்ரின் இந்தமுறை இறங்கினார். ஒரு கையை அன்னத்தாயும் மறு கையைத் தேவநேசனும் பிடித்துக்கொள்ள, மூவரும் மெதுவாகக் கரையில் நடந்தார்கள். கேத்ரின் ஒரு கல்லில் உட்கார்ந்து, "இங்கதான் பொரி வாங்கித் தருவாவ" என்று மட்டும் சொன்னார். அப்பாவின் முகம் ஞாபகம் வந்ததா என்று தேவநேசன் கேட்கவில்லை.

மாலையில் ஊருக்குக் கிளம்பி, இருட்டியபின் கிருஷ்ணகிரி தாண்டி ஓரிடத்தில் லாரி ஒன்று எதிரில் ஹாரன் அடித்தபடி ஒதுங்கியது. தன் வண்டி ரோட்டில் போட்ட வெள்ளைக் கோட்டைத் தாண்டிப் போயிருந்ததைத் தேவநேசன் அப்போதுதான் உணர்ந்தார். ஓரமாக நிறுத்தினார். சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார்.

"என்னால முடியல தம்பி. விடியட்டும், பொறவு போவோம்."

இத்தனை வருடத்தில் அப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

"அண்ணே, காலைல எனக்கு ஆபீஸ் இருக்கு. ஒரு டீயக் குடிச்சுட்டு எடுங்க" என்றான் ஜெபின்.

"ஏலே, பேசாம இரு. பிள்ளைகளை வச்சுக்கிட்டு என்ன அவசரம்? அவர் தூங்கட்டும்" என்றார் கேத்ரின்.

பக்கத்தில் இருந்த லாட்ஜில் அறை எடுத்தார்கள். தேவநேசனுக்கு அன்னத்தாய் கொசுவத்தி ஏற்றி வைத்தாள். வெயில் முகத்தில் விழும்வரை அவர் அசையவில்லை. ஜெபின் வாசலில் போனில் யாரிடமோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஊர் வந்து சேர்ந்ததும் முதலாளியிடம், இனி ராத்திரி ஓட்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். முதலாளி கோபப்படவில்லை, வேறு ஆளைப் போட்டுக்கொண்டார். இப்போது தேவநேசன் ஒரு மில் வேன் ஓட்டுகிறார். சுந்தரபாண்டியம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று பெண்களை ஏற்றி இறக்கும் வேலை. சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டில் இருக்கிறார். அசதி மட்டும் விட்டபாடில்லை. உடம்பில் பழையது எம்புட்டோ தேங்கிக் கிடக்கிறது என்கிறாள் அன்னத்தாய்.

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் மருந்துக்கடை வாசலில் கேத்ரின் நிற்பதைத் தேவநேசன் பார்த்தார். வண்டி நிறைய ஆட்கள், பின்னால் பஸ் ஒலியெழுப்பிக்கொண்டிருந்தது. கையை மட்டும் வெளியே நீட்டிக் காட்டினார். கேத்ரின் வெயில் மறைக்க நெற்றியில் கை வைத்து, யாரென்று பார்க்க முயன்றார். அதற்குள் வேன் திரும்பிவிட்டது.