நத்தை முந்தும் எலக்ட்ரான்

போன வாரம் கீழ்வேளூர் போயிருந்தேன். தங்கை வீட்டுக்கு. அங்கே வளரும் என் மகள் ஸ்டெல்லாவை அழைத்து வர.

மனைவி இறந்த பிறகு அவளை அங்கேதான் விட்டிருந்தேன். நான் ஊர் ஊராக வயரிங் வேலை பார்க்கிறவன் – சூரத், ஹூப்ளி, திருப்பூர்... இப்போதுதான் திருப்பூரில் ஒரு வீடு பிடித்தேன். இனி மகள் என்னோடு இருக்கட்டுமே. ஆசைப்படக் கூடாதா?

சாயங்காலம் கரண்ட் போனது. ஸ்டெல்லா டார்ச்சை அமுக்கினாள்.

"மாமா, இதுக்குள்ள எலக்ட்ரான் என்ன வேகத்துல ஓடும்?"

பார்த்தீர்களா? வயரோடு வாழ்கிற அப்பன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கேள்வி மாமாவுக்கு! தங்கையின் கணவர் பிசிக்ஸ் வாத்தியார்.

முந்திக்கொண்டேன். "மின்னல் வேகம்மா! இல்லேன்னா அமுக்கினதும் எப்படி எரியும்?"

"இல்லீங்க மச்சான், நத்தை முந்திடும்" என்றார் அவர். "கம்பிக்குள்ள நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகராது."

"என்ன மாப்ளே! மேட்டூர் தண்ணி நத்தை மாதிரி வந்தா நம்ம கடைமடைக்கு எப்ப வந்து சேரும்?"

"அது காஞ்ச வாய்க்கால். கம்பி அப்படி இல்லீங்க. முழுக்க எலக்ட்ரான் ரொம்பி நிக்குது. இந்த முனையில தள்ளினா அந்த முனையும் உடனே அசையும். தள்ளுதான் வேகம். ஆளு மெதுவு."

கடைமடைக்காரன் புத்தி அப்படி. எதுவானாலும் வாய்க்கால் தலைப்பில் கிளம்பி, காய்ந்த மண்ணை நனைத்துக்கொண்டு, கடைசியாகத்தான் நம்மிடம் வரும் என்று நினைப்பான்! ஸ்டெல்லாவோ அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

"ஆனா அது சும்மாவும் இருக்காது" என்று தொடர்ந்தார். "தறிகெட்டு ஓடும். எல்லாப் பக்கமும் முட்டும், திரும்பும். ஓட்டம் பெருசு... போய்ச் சேர்ந்தது கொஞ்சம்."

"எங்கப்பா மாதிரியா மாமா?"

சிரித்தாள். சூது இல்லாத சிரிப்பு. அதுதான் சுட்டது.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அவளை அதட்டினார். நல்ல மனிதர். பொறாமைப்படுகிறவனுக்கு இதைவிடத் துன்பம் உண்டா? எதிராளி அயோக்கியனாக இருந்தால் நிம்மதியாகத் திட்டலாம்...

கேட்டுவிட்டேன். "என்கூட திருப்பூர் வர்றியாம்மா?"

"ஸ்கூல் இங்கதானே இருக்கு. நீங்க இங்க வந்துடுங்களேன்ப்பா. மாமாகிட்ட பாடம் கேக்கலாம். சண்டை போட முடியுமா? அதுக்கு அப்பாதானே வேணும்!"

மாப்பிள்ளையின் முகம் லேசாகச் சுருங்கியது. அந்தச் சுருக்கம் என்னவென்று, வயிறு எரிந்த எனக்குத் தெரியாதா?

கீழ்வேளூரில் வாடகைக்கு வீடு தேடிக்கொண்டிருக்கிறேன்!