காது மடலில் இருந்த அத்தர் பஞ்சு

சர்க்கரை நோயால் என் கணவரின் காலில் வந்த புண் மாதக்கணக்கில் ஆறவில்லை. கடலூரில் ஒரு மருத்துவமனையில், ஆள் படுக்கும் அளவு கண்ணாடிப் பெட்டிக்குள் அழுத்தத்தில் ஆக்சிஜன் கொடுக்கும் சிகிச்சையைத் தொடங்கினோம். எண்ணெய், அத்தர் எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது, உள்ளே தீப்பிடித்தால் ஆளைக் காப்பாற்ற முடியாது என்று நர்ஸ் முதல் நாளே எச்சரித்தார்.

சவூதியிலிருந்து லீவில் வந்திருந்த என் அண்ணனுக்கு எல்லாமே இளக்காரம். "காத்து வாங்க ஆஸ்பத்திரியா மச்சான்? சில்வர் பீச்சுல ஒக்காந்தா போதாதா?" என்று சிரித்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை அவரும் கூட வந்தார். கணவருக்கு ஆஸ்பத்திரி உடை மாட்டி, பெட்டிக்குள் தள்ளப்போகும் நேரத்தில் குப்பென்று அத்தர் வாசனை. பதறிப்போய் இவர் காது மடலைப் பார்த்தேன். நனைந்த பஞ்சு செருகியிருந்தது.

"நாந்தான் வெச்சேன். ஜும்மா நாளுல்ல?" என்றார் அண்ணன்.

"வேணாம்னு உங்ககிட்ட சொன்னேன்ல?"

"சொன்ன. அந்த நர்ஸு பொண்ணு சும்மா பயமுறுத்துதுன்னு நெனச்சேன்."

தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். தெரிந்தே செய்திருக்கிறார்! தோலில் ஊறிய அத்தர் துடைத்தாலும் போகாது என்று நர்ஸ் மறுத்துவிட, அன்று சிகிச்சையே நடக்கவில்லை.

இப்போதெல்லாம் இவர் காது, கழுத்து, உள்ளங்கை எல்லாவற்றையும் நானே முகர்ந்து பார்த்த பிறகுதான் பெட்டியை மூட விடுகிறேன். பெருநாள் தொழுகை முடிந்து அண்ணன் அத்தர் மணக்க, இவரைக் கட்டித் தழுவ வந்தார்.

"மத்தியானம் இவருக்கு ஆஸ்பத்திரி இருக்கு. தள்ளி நின்னே சலாம் சொல்லுங்க" என்றேன்.

கோபித்துக்கொண்டு பிரியாணிகூடச் சாப்பிடாமல் போனார். நான் கூப்பிடவில்லை.