தோரணம் கட்டிய சுமைதாங்கி

பிள்ளைகளே, உங்கள் அத்தையை நீங்கள் பார்த்ததில்லை. என் உடன்பிறந்த அக்கா அவள். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோனாள். அப்படிப் போகிறவளுக்குச் சுமைதாங்கி வைப்பது நம்மவர் வழக்கம். அவள் இறக்கி வைக்காமலே கொண்டுபோன பாரம், வழியே போகிறவர்கள் அந்தக் கல்லில் தங்கள் பாரத்தை இறக்கி வைக்க வைக்கக் குறையும் என்பார்கள்.

அவள் புருஷன், மாட்டுவண்டி ஓட்டிய உங்கள் மாமா, நாங்கள் கடல் தாண்டி வந்த இந்த ஊரில், சுங்கை பினாங் சாலைத் திருப்பத்தில் அவளுக்காக இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே ஏற்றினார். தலைச்சுமையைக் குனியாமல் தள்ளி வைக்கிற உயரம். ஆயர் ஈத்தாம் பக்கமிருந்து புல்லுக்கட்டு கொண்டுவரும் பெண்கள் தினமும் அங்கே நின்று மூச்சு வாங்குவார்கள். மேல்கல் முழுக்கப் புல்சாறும் எண்ணெய்ப் பிசுக்குமாக இருக்கும். அந்த அழுக்கைப் பார்ப்பதில் மாமாவுக்கு ஒரு நிம்மதி.

பிறகு அந்தச் சாலையை அகலப்படுத்தப் போவதாகப் பேச்சு வந்தது. அதற்கு முன்னால், ஓரத்திலிருந்த பழைய கட்டடங்களையும் கற்களையும் வகை பிரிக்க ஒரு துரை, இங்கத்துப் பேச்சில் துவான், வருவதாகச் சொன்னார்கள். கோயில், கல்லறை, கிணறு, பாலம், எல்லைக்கல் என்று அவர்களிடம் சொற்கள் தயாராக இருந்தன. எந்தச் சொல்லில் சேர்கிறதோ அதைப் பொறுத்து ஒன்று நிற்கும், அல்லது போகும்.

மாமாவுக்குச் சந்தோஷம்தான். “துவானே வந்து பாத்துட்டா அப்புறம் யாரும் கை வைக்க முடியாதுலா, மச்சான்” என்றார். பெரிய மனிதர் வருகிறார் என்றால் நாம் என்ன செய்வோம்? நானும் அவரும் கல்லைத் தேய்த்துக் கழுவி வெள்ளையடித்தோம். குறுக்குக் கல்லில் மாவிலைத் தோரணம் கட்டினோம். காலையில் வந்த புல்லுக்காரியை மாமா தடுத்தார்.

“இன்னிக்கு ஒரு நாள் வேணாம் தங்கச்சி. துவான் வர்றாரு.”

“கல்லுக்குக் கல்யாணமா அண்ணே? அப்போ என் கட்டை ஒங்க தலையில வைக்கட்டா?” என்று சிரித்துக்கொண்டே சுமையோடு நடந்துவிட்டாள்.

துரை வந்தார். கூட வந்த குமாஸ்தா தமிழர்தான். ஆனால் இந்த ஊரிலேயே பிறந்தவர், சுமைதாங்கி பார்த்தறியாதவர்.

“இது கோயிலா?” என்று குமாஸ்தா மாமாவைக் கேட்டார்.

“இல்லைங்க. சாமி இல்ல.”

“கல்லறையா?”

“இல்லைங்க ஐயா. பொதைச்சது வேற எடத்துல.”

“அப்போ என்னலா இது?”

“சுமை எறக்கி வைக்கிற கல்லுங்க.”

குமாஸ்தா வெள்ளை வெளேரென்றிருந்த கல்லைப் பார்த்தார். “சுமை எங்க?”

மாமா புல்லுக்காரி போன பக்கம் திரும்பிப் பார்த்தார். துரை தோரணத்தைத் தொட்டுப் பார்த்தார், காலால் அடிமண்ணைத் தட்டினார், ஏதோ சொன்னார். குமாஸ்தா திரும்பி, “இடிஞ்ச வீட்டோட வாசல்காலாம். பாதி மண்ணுல எறங்கிடுச்சாம்” என்றார்.

“எம் பொஞ்சாதிக்கு வச்சதுங்க ஐயா” என்றார் மாமா.

“அவங்களை இங்க பொதைக்கலன்னு நீதானே சொன்ன?”

குமாஸ்தாவையும் குறை சொல்வதற்கில்லை. கேட்டதற்கெல்லாம் மாமா உண்மையைத்தான் சொன்னார். நாங்கள் அந்த அழுக்கை மட்டும் விட்டு வைத்திருந்தால், அந்தப் பெண்ணை வழக்கம்போலக் கட்டை வைக்க விட்டிருந்தால், பார்த்தவுடன் புரிந்திருக்கும். அவள் பெயருக்கு மரியாதை செய்கிறோம் என்று நினைத்து அவள் கல்லை வெறும் வாசலாக்கிவிட்டோம். இதை நினைக்காமல் அந்தத் திருப்பத்தை என்னால் தாண்ட முடிவதில்லை.

வாசல்கால் என்று எழுதிக்கொண்டதால் அது நிற்க வேண்டியவற்றில் சேரவில்லை. சாலை வேலைக்காரர்கள் வந்து கற்களைப் பெயர்த்தார்கள், உடைத்துச் சாலையிலேயே பரப்பினார்கள். மறுநாள் காலை நான் மாமாவோடு வண்டியில் இருந்தேன். அந்தப் புல்லுக்காரி பழக்கத்தில் அதே இடத்தில் நின்று, கட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் சுற்றிப் பார்த்தாள். மாமா வண்டியை நிறுத்தி இறங்கினார். அவள் தலையிலிருந்த புல்லுக்கட்டை இரு கையாலும் வாங்கிக்கொண்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்து அவள் மூச்சு வாங்கி முடிக்கும்வரை அதைச் சுமந்துகொண்டு நின்றார்.