ஈரமில்லாத படிகள்

குகனேஸ்வரிக்கு வாய் சும்மா இருக்காது. இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்த இருபத்திரண்டு வருடங்களில் ஆறு வீடுகளில் வேலை பார்த்திருக்கிறாள். ஆறிலும் யாரும் கேளாத ஆலோசனை சொல்லியிருக்கிறாள். பல்வலிக்குக் கராம்பு, மற்ற எல்லாவற்றுக்கும் இந்த ஊர்ப் புனிதை சாந்தா ரொசாலியா. கோண்டாவிலில் பிள்ளையாரைக் கும்பிட்டு வளர்ந்தவள்தான். ஆனாலும் இங்கே நம் சனம் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி பெல்லெக்ரினோ மலையேறி அந்தப் புனிதையிடம் முறையிடுவது வழமை.

ஆறாவது வீடு லாஷாவினுடையது. ஜோர்ஜியாக்காரன், தொழில்முறை உதைபந்தாட்டக்காரன். பதினெட்டு வயதில் சொந்த ஊரான குத்தாயிசியை விட்டுக் கிளம்பியவன். போலந்தில் நாலு வருடம், துருக்கியில் மூன்று, பிறகு இங்கே. இருபத்தொன்பது வயதில் முழங்காலில் சத்திரசிகிச்சை. யூன் மாதம் ஒப்பந்தம் முடிகிறது. அதற்குள் மைதானத்தில் இறங்கினால்தான் கழகம் புதுப்பிக்கும். மேடு பள்ளத்தில் நடக்கவே கூடாது என்று கழக வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

வைத்தியருக்கு என்ன தெரியும்? வெறுங்காலோடு ஒருதரம் மலையேறினால் போதும், தன் கணவரின் நாரிப்பிடிப்பு அப்படித்தான் போனது என்று குகனேஸ்வரி ஒரு கிழமை அவன் காதை அரித்தாள். எதற்கெடுத்தாலும் நேர்த்தி வைக்கிற தாயிடம் வளர்ந்தவன் அவனும். ஒரு செவ்வாய்க்கிழமை விடியவே இருவரும் ஏறினார்கள். ஏறும்போது ஒன்றுமில்லை. இறங்கும்போது, பைன் மரங்கள் நிற்கும் வளைவில், அவன் முழங்காலில் 'டக்' என்றது. அவளுக்கே அது கேட்டது.

வீட்டில் அவள் ஐஸ் பிடித்துக்கொண்டிருக்க, அவன் வைத்தியருக்குப் போன் எடுத்தான். கட்டடத்துப் படி கழுவி ஈரமாக இருந்தது, வழுக்கி விழுந்துவிட்டேன் என்றான். மலையேறினேன் என்றால் ஒப்பந்தம் அன்றைக்கே முடிந்துவிடும். சொல்லிவிட்டு அவளைப் பார்த்தான். சும்மா இருக்காத அந்த வாய் அன்றைக்கென்று பார்த்து மூடிக் கிடந்தது.

செவ்வாய் தோறும் அந்தப் படிகளைக் கழுவுகிறவள் நிசாந்தி, கிளிநொச்சிப் பெண். குகனேஸ்வரிதான் பிடித்துக் கொடுத்த வேலை. கழகம் முறையிட, மூன்றாம் நாள் கட்டட நிர்வாகி அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அடுத்த மாதம் அவள் பெர்மெஸ்ஸோவை, இங்கே தங்குவதற்கான அனுமதியை, புதுப்பிக்க வேண்டும். வேலைக் கடிதம் இல்லாமல் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் போய் நிற்கவே முடியாது.

அன்று பின்னேரம் நிசாந்தி அல்பெர்கேரியாப் பகுதியிலுள்ள குகனேஸ்வரியின் வீட்டுக்கு வந்தாள். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று குகனேஸ்வரி நினைத்தாள். திட்டியிருந்தால் எவ்வளவோ நல்லாயிருந்திருக்கும்.

"நான் வடிவாத் துடைக்கேல்லைப் போல கிடக்கு, அக்கா. என்னாலை ஒரு பெடியன்ரை வாழ்க்கையே போச்சு. ஞாயிற்றுக்கிழமை அவன்ரை காலுக்காக மலையேறப் போறன். நீங்களும் வாங்கோ."

மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணமும் அகப்படவில்லை. ஞாயிறு இருவரும் செருப்பைக் கையில் பிடித்தபடி ஏறினார்கள். முன்னே போன நிசாந்தி லாஷாவின் பெயரைச் சொல்லிச் சொல்லி வேண்டிக்கொண்டே போனாள். பைன் மர வளைவு வந்ததும் குகனேஸ்வரியால் ஓர் அடி எடுத்துவைக்க முடியவில்லை.

"நிசாந்தி, படி காய்ஞ்சுதான் கிடந்தது."

"எந்தப் படி?"

"நீ கழுவின படி. அவன்ரை முழங்கால் போனது இஞ்சை. கூட்டிக்கொண்டு வந்தது நான். அவன் பொய் சொல்லேக்கை பக்கத்திலைதான் இருந்தனான்."

நிசாந்தி கல்லொன்றில் குந்திப் பாதத்து மண்ணைத் தட்டினாள்.

"நிர்வாகியிட்டைச் சொல்லுவியளோ?"

"ஓம். நாளைக்குக் காலமையே."

"அந்தப் பெடியன்?"

"முதல் அவனிட்டைப் போறன். போய்ச் சொல்லிப்போட்டுத்தான் அங்கை போவன்."

அவன் ஒப்பந்தம் போய்விடும் என்பது இருவருக்கும் தெரியும். நிசாந்தி செருப்பை மாட்டிக்கொண்டாள். அவள் எழும்பக் குகனேஸ்வரி கையை நீட்டினாள். அவள் அதைப் பிடிக்காமல் தானாகவே எழுந்து கீழே இறங்கினாள்.

இன்னும் பாதி மலை மிச்சமிருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் முதல்தடவையாகக் குகனேஸ்வரி மேலே போகாமல், வெறுங்காலோடே அவளுக்குப் பின்னால் இறங்கினாள்.