ஈ.சி.ஜி. அறையில் தெரிந்த இரட்டைப் புள்ளிகள்

1. ஃபிட்னஸ்

ஏட்டையா விரல் கோத்துப் பிடித்துக் கூட்டிவந்த பையனை நிமிர்ந்து பார்த்ததும், கையிலிருந்த பி.பி. மிஷினைக் கீழே போட இருந்தேன். அவன் தினேஷ். விழுப்புரத்தில் என் மகன் பிரவீனோடு பாலிடெக்னிக் படிக்கிறவன். எங்கள் வீட்டில் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறான்.

நான் திண்டிவனம் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். ஆஸ்பத்திரி, ஸ்டேஷன் பெயரெல்லாம் வேண்டாம். பையன்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். கேஷுவாலிட்டி ட்யூட்டிக்குப் புதிதாக வரும் நர்சுகளுக்காக எழுதுகிறேன்.

கைதானவரை ஜட்ஜ் முன்னால் நிறுத்துமுன், உடம்பு நன்றாக இருக்கிறதென்று அரசு டாக்டரிடம் போலீஸ் சான்று வாங்க வேண்டும். ஃபிட்னஸ் என்போம். எங்கள் இடத்தில் அது நின்றபடியே முடிந்துவிடும். சட்டைக் கையின் மேலேயே பி.பி. பட்டையைச் சுற்றுவோம். "வலி ஏதாவது இருக்கா?" என்று டாக்டர் கேட்பார். அவன் ஏட்டையாவின் முகத்தைப் பார்த்துவிட்டு "இல்லீங்க" என்பான். கையெழுத்தாகிவிடும்.

"ஜல்தி முடிங்க சிஸ்டர். ஜட்ஜய்யா கெளம்பிட்டாருன்னா எங்க பாடு பேஜாரு" என்றார் ஏட்டையா. தமாஷான மனிதர்.

"என்ன கேசு?"

"செல்போன் புடுங்கின கேசு. நேத்து சாயந்திரம் வண்டிய நிறுத்துன்னா நிறுத்தாம போறான். பின்னாடி உக்காந்துக்கினு வந்தவன் குதிச்சி ஓடிட்டான். யாருடான்னு கேட்டா வாயத் தொறக்க மாட்றான். பெரிய தியாகி!"

தினேஷ் எப்போதும் என்னை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவான். அன்று, "கொஞ்சம் தண்ணி குடுங்க சிஸ்டர்" என்றான். நானும் தெரியாதவள்போல் டம்ளரை நீட்டினேன். தெரிந்தவள் என்றால் வேறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடுவார்கள். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதித் தண்ணீர் சிந்திவிட்டது. தோள் வெட்டி வெட்டி இழுத்தது. நாடி பிடித்தேன். கண்டபடி ஓடியது.

"மேடம், ஒரு ஈ.சி.ஜி. எடுத்துடலாமா?" என்றேன். ட்யூட்டி டாக்டர் வேலைக்குச் சேர்ந்து அதிக நாளாகாத பெண். தலையசைத்தார்.

"கல்லு மாதிரி கீறான், இவனுக்கு எதுக்கு ஈ.சி.ஜி.?" என்றார் ஏட்டையா.

"கல்லுக்கு நாடி இப்டி ஓடாது ஏட்டையா. உள்ள லேடீஸ் படுத்திருக்காங்க, நீங்க வெளிய நில்லுங்க. ஒரே கதவுதான், எங்கயும் ஓடிட மாட்டான்."

2. கதவுக்கு உள்ளே

திரையை இழுத்துவிட்டுச் சட்டையைக் கழற்றச் சொன்னேன். முதுகிலும் இடுப்பிலும் சிவப்புப் புள்ளிகள். இரண்டிரண்டாக, ஒரே இடைவெளியில்.

"என்னடா இது?"

"புது எஸ்.ஐ. டார்ச் லைட்டு மாதிரி ஒண்ணு வச்சிருக்காரு ஆன்ட்டி. பட்டன அமுக்கினா படபடன்னு சத்தம் வரும். மொதல்ல சத்தம் மட்டும் காட்டினாரு. அப்பால மேல வச்சிட்டாரு. கரண்டு அடிச்ச மாதிரி இருந்துச்சி."

"போன எடுத்தியா?"

"அய்யோ, இல்ல ஆன்ட்டி. ஹெல்மெட் இல்ல. அதான் நிக்காம போய்ட்டேன்."

"கூட வந்தவன் பேரச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"

அவன் சுவரைப் பார்த்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிரவீன் முந்தின இரவு சோறு வேண்டாம், காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்தவன். தொட்டுப் பார்த்தேன், உடம்பு சுடவே இல்லை.

"நம்ம பிரவீனா?"

"அவன் ஒரு அடிகூட தாங்க மாட்டான் ஆன்ட்டி" என்றான்.

ஈ.சி.ஜி. கிளிப்பைப் பிடித்தபடி நின்றேன். டாக்டர் இதைப் பார்த்து எழுதினால் ஜட்ஜ் விசாரிப்பார். விசாரித்தால் பின்னால் உட்கார்ந்து வந்தவன் யாரென்று வரும். பேசாமல் இருந்தால் என் பிள்ளை போர்வைக்குள்ளேயே பத்திரமாக இருப்பான், இவன் அந்த டார்ச்சிடம் திரும்பிப் போவான். தினேஷ் சட்டையை எடுத்தான்.

"போடாத" என்றேன். மேடத்தை உள்ளே கூப்பிட்டேன்.

அவர் ஒவ்வொரு புள்ளியையும் அளந்து, ஏ.ஆர். என்கிற காயப் பதிவேட்டில் ஏற்றி, அட்மிஷன் எழுதினார். ஏட்டையாவின் தமாஷ் நின்றுவிட்டது. மேடத்திடம் போனை நீட்டினார். எதிர்முனையில் எஸ்.ஐ. கத்துவது எனக்கே கேட்டது.

"நான் பார்த்ததைத்தான் எழுதியிருக்கேன் சார்" என்றார் மேடம். குரல் நடுங்கியது. ஆனால் அதையே மறுபடியும் சொன்னார்.

நான் வராந்தாவுக்குப் போய் வீட்டுக்குப் போன் போட்டேன்.

"காய்ச்சல் போதும்டா. அப்பாவக் கூட்டிக்கினு திண்டிவனம் பஸ் ஏறு."

"தினேஷ் எதனா சொன்னானாம்மா?"

"ஒண்ணும் சொல்லல. அதனாலதான் வரச் சொல்றேன்."

3. வார்டில்

ஜட்ஜ் வார்டுக்கே வந்தார். போலீஸை வெளியே நிற்கவைத்துவிட்டுக் கேட்டார். தினேஷ் முதுகைக் காட்டினான். நாங்கள் ஏற்பாடு செய்த வக்கீலோடு வந்த பிரவீன், "பின்னாடி உக்காந்துட்டு வந்தது நான்தான் சார்" என்றான். ஜட்ஜ் ரிமாண்ட் செய்யவில்லை. போனைப் பறிகொடுத்தவர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "இவங்க இல்ல சார்" என்றார். மிஞ்சியது ஹெல்மெட் ஃபைன்தான். எஸ்.ஐ. மேல் விசாரணை நடக்கிறது.

ஜட்ஜ் வந்துபோன அன்று சாயங்காலம், அவர்கள் ஊரான கெடாரிலிருந்து தினேஷின் அம்மா வந்தார். கட்டிலருகே தரையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த பிரவீனைப் பார்த்து, "நீ ஏம்ப்பா அழுவுற? அவந்தான் நல்லா கீறானே" என்றார். தினேஷ் சிரித்தான். "ரெண்டு பேரும் மாட்டியிருந்தா கட்டில் பத்தாதுடா" என்றான்.

இப்போது எங்கள் கேஷுவாலிட்டியில் ஃபிட்னஸ் உட்கார்ந்து நடக்கிறது. போலீஸ் கதவுக்கு வெளியே, சட்டை ஆணியில். ஏட்டையா முதலில் முறைத்தார், இப்போது அவரே வெளியே நாற்காலி தேடுகிறார். பிரவீன் வண்டியை எடுத்தால் திரும்பி வரும்வரை எனக்கு இருப்புக்கொள்வதில்லை. அந்தப் பயம் போகாது. ஆனால் ட்யூட்டி முடிந்து பஸ் ஏறும்போது மனசு நிறைவாகத்தான் இருக்கிறது.

போலீஸ் கேஸ் என்றால் உங்களுக்குப் பயமாக இருக்கும். எனக்கும் இருந்தது, மேடத்துக்கும் இருந்தது. பயந்துகொண்டே கதவைச் சாத்துங்கள். சாத்திவிட்டு, வலி இருக்கிறதா என்று அவனைக் கேளுங்கள்.